ஒரு சாண் கீழே

கண்ணாடிப் பாட்டில் தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் வேலை பார்த்த கிரேடு சார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குத் தரைக்குள் முதல் விரற்கடை இறங்கினார். சிமெண்ட் விரிசல் விடவில்லை, சத்தமும் கேட்கவில்லை. கவுண்டரில் நின்று ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவரின் ஷூ, பிசைந்த மாவில் விரல் போவதுபோல உள்ளே போய் நின்றுகொண்டது. அவர் நடந்தபோது தரை முன்னால் வழிவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. குதிகால் தேய்ந்துவிட்டது என்று நினைத்து அன்று மாலையே செருப்புத் தைப்பவரிடம் போனார். அந்த ஆள் ஷூவைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்து, சுண்டிப் பார்த்து, "ஷூவுல ஒரு கோளாறும் இல்ல சார், ஆளுலதான்" என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார்.

அடுத்த வருடம் அதே மாதத்தில் இன்னொரு விரற்கடை. அதற்கடுத்த வருடம் மற்றொன்று. மூன்றாம் வருடம் கம்பெனியின் கட்டட இன்ஜினியர் வந்து தரையைத் தட்டிப் பார்த்து, கலவை சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். டாக்டர் முழங்காலில் சுத்தியால் தட்டிப் பார்த்து, நரம்புக்கு மாத்திரை எழுதினார். தச்சர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து அவருடைய நாற்காலியிலும் மேஜையிலும் ஒரு விரற்கடை அறுத்துவிட்டுப் போனார். பஸ்ஸில் நின்றால் ஷூ பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் எட்டிப் பார்த்து வேகத்தடையில் இடித்தது. அதனால் கண்டக்டர் அவருக்கு மட்டும் எப்படியாவது ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் தரைக்கு அடியில் மண். மழை நாளில் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே காலுறை நனையும். மனைவி இரண்டு வருடம் அழுதாள், மூன்றாம் வருடம் அவருடைய பேன்ட்டை எல்லாம் உயர்த்தி மடித்துத் தைத்தாள், நாலாம் வருடம் மறந்துவிட்டாள். ஜனங்கள் எதற்கும் பழகிவிடுவார்கள். உயரம் குறைந்துகொண்டே வரும் ஓர் ஆள், விலை ஏறிக்கொண்டே போகும் எண்ணெயைவிட அதிசயமாக யாருக்கும் படவில்லை.

ஏன் இறங்கினார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது எவ்வளவு பெரிய தப்பு என்று தெரிய இருபத்திரண்டு வருடம் பிடித்தது.

அந்தத் தொழிற்சாலையில் சம்பளம் முடிவாகும் விதம் இது. வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முன்பக்கத்தின் முதல் வரி, படிப்பு. அதை வைத்தே ஒன்று முதல் ஏழு வரை கிரேடு விழும். ஒன்று உச்சி, ஏழு அடிமட்டம். அதைக் குறிக்கிறவர் என்பதால்தான் அவருக்குக் கிரேடு சார் என்று பெயர். பட்டம் என்றால் பட்டம், எதில் பட்டம் என்று எவரும் கேட்டதில்லை. கிரேடு சாரே நட்சத்திரங்களைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். வானத்துக்கும் பாட்டிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நேர்முகத் தேர்வில் அவரே பயந்துகொண்டிருந்தார். அவர்கள் பட்டத்தின் முத்திரையைத் தடவிப் பார்த்து மூன்றாம் கிரேடு போட்டார்கள். அடுத்த வரியில் ஆணா பெண்ணா என்று இருக்கும். பெண் என்று எழுதினால் அதே கிரேடில் இரண்டு படி குறையும்; வீட்டில் இன்னொரு சம்பளம் வரும்தானே என்று யாரோ எப்போதோ யோசித்து வைத்தது. பிறகு அனுபவம். வேறு கம்பெனியில் பார்த்த அனுபவத்துக்கு மதிப்பு உண்டு, இதே கம்பெனியில் பார்த்ததற்குக் கிடையாது, அதுதான் இங்கேயே இருக்கிறாரே என்பார்கள். தலைமை அலுவலகத்து ஆட்களின் மொழியில் போனில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தால் ஒரு படி. கடைசி வரியில் யார் சொல்லி வந்தவர் என்று எழுத வேண்டும். அங்கே எழுதும் பெயரைப் பொறுத்து மேலே இருக்கும் எல்லா வரிகளும் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும்.

படிவத்துக்குப் பின்பக்கமும் உண்டு. அதில் ஒரே ஒரு கேள்விதான்: 'நீங்கள் செய்யும் வேலை என்ன?' அரைப் பக்கம் இடம் விட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆபீசில் ஆரம்பத்திலிருந்தே ஒரு பழக்கம். படிவம் வந்ததும் அதன் முதுகில் நன்றாகப் பசை தடவி, தடித்த பேரேட்டில் ஒட்டிவிடுவார்கள். பின்பக்கம் அதோடு சரி. அறுபது வருடமாக அந்தத் தொழிற்சாலையில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பது பசைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. பசை தடவும் பிரஷ், கிரேடு சாரின் மேஜைமேல் ஒரு டப்பாவில் நின்றிருக்கும்.

கவுண்டரில் அன்று பதில் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணைத் தொழிற்சாலையில் காதக்கா என்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள். ஏழாம் கிரேடு, பெண் என்பதால் அதிலும் இரண்டு படி கீழே. உலையிலிருந்து வந்து ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வரும் இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். மற்றவர்கள் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்து மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவள் எடுக்க மாட்டாள், பார்க்கவும் மாட்டாள். நூற்றுக்கணக்கான பாட்டில் கிணுகிணுத்துக்கொண்டு போகும் சத்தத்தில், "மூணாவது வரிசை, கழுத்துல" என்பாள். எடுத்துப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் ஒன்றுக்குக் கழுத்தில் விரிசல் இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் வராமல் போன சமயத்தில் அனுப்பிய மருந்து பாட்டில்கள் அத்தனையும், ஒழுகுகிறது என்று லாரியோடு திரும்பி வந்தன. அதன் பிறகு மேனேஜர் அவளுக்காகக் கம்பெனிச் செலவில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கிக் கொடுத்தார். கிரேடை மாற்றவில்லை. மாற்ற முடியாது, படிவத்தின் முன்பக்கத்தில் காதுக்கு வரி இல்லை.

முப்பத்தாறு வயதில் அவள் பள்ளி இறுதித் தேர்வைத் தனியாகப் படித்து எழுதினாள். கணக்கில் இரண்டு தடவை போய், மூன்றாம் தடவை வந்தது. சான்றிதழை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னொரு உறையில் போட்டு, மாடிப்படி ஏறி வந்து கிரேடு சாரிடம் இரண்டு கையாலும் கொடுத்தாள். பள்ளி இறுதி என்றால் நாலாம் கிரேடுக்குத் தகுதி. அந்த வருடம் சரிபார்க்கும் கூடத்தில் நாலாம் கிரேடு மேற்பார்வை இடம் ஒன்று காலியாகவும் இருந்தது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் படித்தாள்.

கிரேடு சாருக்கு ஒரு மச்சினன் இருந்தான். அவனும் பள்ளி இறுதிதான். ஆறு வேலைக்குப் போய் ஆறிலிருந்தும் திரும்பி வந்து அக்கா வீட்டு ஹாலில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"உங்க கையில பேனா இருக்கு," என்றாள் மனைவி அன்று மாலை. "என் தம்பிக்கு ஒரு வரி எழுத முடியலைன்னா அந்தப் பேனா எதுக்குங்க?"

"ஒரு அம்மா சர்டிபிகேட் கொடுத்திருக்காங்க. இருபது வருஷமா அங்கேயே உக்காந்து வேலை பாக்கறவங்க."

"இருபது வருஷம் உக்காந்தவங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் உக்காரத் தெரியாதா? அடுத்த வருஷம் போடுங்க."

அடுத்த வருடம் போடலாம் என்பது அவருக்கு நியாயமாகவே பட்டது. இழுப்பறையில் விரித்திருந்த பழைய செய்தித்தாளைத் தூக்கி, அதன் அடியில் அந்த இரட்டை உறையை வைத்து, தாளைச் சமமாக நீவிவிட்டார். மச்சினனின் படிவம் மேனேஜர் மேஜைக்குப் போனது. யார் சொல்லி வந்தவர் என்ற வரியில் தன் பெயரை அவரே தெளிவாக எழுதினார். ஒரு வாரம் கழித்து, அந்தச் செவ்வாய்க்கிழமை, காதக்கா மாடிக்கு வந்து, "என் சர்டிபிகேட் மேலிடத்துக்குப் போயிருச்சா சார்?" என்று கேட்டாள். "போயிருச்சும்மா" என்றார். அப்போது மணி பதினொன்றே கால்.

மச்சினனுக்கு நீலச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். விரிசல் பாட்டில் வந்தால் விசில் ஊத வேண்டும், பெல்ட் நிற்கும். அவனுக்கு விரிசலும் தெரியாது, ஓட்டையும் தெரியாது. முதல் வாரம் ஊதாமலே இருந்தான், இரண்டாம் வாரம் ஊதிக்கொண்டே இருந்தான். மூன்றாம் வாரத்திலிருந்து காதக்காவின் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டு அவளுடைய சுட்டு விரலையே பார்த்தான். அவள் விரல் தூக்கினால் அவன் ஊதினான். விரலுக்குக் கிடைத்ததைப்போல மூன்று மடங்கு சம்பளம் விசிலுக்குக் கிடைத்தது. அதனால் அவனுக்கு விசில் என்றே பெயர் வந்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. சம்பள நாளில் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பான்.

காதக்கா வருடம் தவறாமல், சம்பளத் திருத்தம் நடக்கும் மாதத்தில், மாடிக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டாள். கிரேடு சார் எழுந்து நின்று, "மேலிடத்துல இருக்கும்மா, நேரமாகும்" என்று அதே பதிலைச் சொன்னார். எழுந்து நிற்பதில் மட்டும் அவர் குறை வைத்ததில்லை. அடுத்த வருடம் போடலாம் என்று நினைத்தது முதல் வருடத்தோடு போயிற்று. இரண்டாம் வருடம் போட்டால் முதல் வருடம் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள், ஐந்தாம் வருடம் போட்டால் நாலு வருடத்துக்குக் கேட்பார்கள். தாமதமும் அவரோடு சேர்ந்து வருடத்துக்கு ஒரு விரற்கடை ஆழமானது. பன்னிரண்டாம் வருடம் அவர் சரியாக ஒரு சாண் கீழே இருந்தார். பதின்மூன்றாம் வருடம் அவள் வரவில்லை. அந்த மாதம் முழுவதும் படியில் காலடி கேட்கும்போதெல்லாம் அவர் எழுந்து நின்றார். மாதம் முடிந்தது. அவர் இறங்கவில்லை. மறந்துவிட்டாள், பாவம், என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்தச் சாப்பாட்டைப் பிற்பாடு அவரால் எத்தனையோ தடவை மறக்க முயன்றும் முடியவில்லை.

இடையில் ஒரு சின்ன விஷயம். மூன்றாம் கிரேடும் அதற்கு மேலும் உள்ளவர்கள் கயிறு கட்டிய ஷூதான் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. கயிறு அவிழ்ந்தால் மற்றவர்கள் குனிந்து கட்டிக்கொள்வார்கள். கிரேடு சாருக்குக் கால் தரைக்குள் இருந்தது, குனிந்தால் சிமெண்ட்தான் கைக்குப் படும். ஆனால் அவிழ்ந்த மாதிரி உணர்ந்த நாட்களில்கூட, மாலை வீட்டுக்குப் போய்க் கட்டில்மேல் காலைத் தூக்கிப் பார்த்தால் கயிறு இறுக்கமாக இரட்டை முடிச்சோடு இருக்கும். எப்போதாவது பகலில் பாதத்தின் மேல் லேசாக ஒரு இழுப்புத் தெரியும். டாக்டரிடம் சொன்னார். டாக்டர் நரம்பு மாத்திரையை இரண்டு வேளையாக்கினார்.

இருபத்திரண்டாம் வருடம் கம்ப்யூட்டர் வந்தது. பேரேட்டில் இருப்பதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று தலைமை அலுவலகம் இரண்டு ஒப்பந்தப் பெண்களை அனுப்பியது. படிவத்தின் இரண்டு பக்கத்தையும் ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவு. பின்பக்கம் பசையில் இருக்கிறது என்று கிரேடு சார் சொன்னார். அவர்கள் ஒரு பெரிய தொட்டியில் வெந்நீர் பிடித்து, பேரேட்டுத் தாள்களை ஊற வைத்து, படிவங்களை ஒவ்வொன்றாக உரித்து, வராந்தாவில் கொடி கட்டி, துணி உலர்த்தும் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். பசைப் பக்கம் காய வேண்டுமல்லவா, அதனால் முதுகு எல்லாம் வெளியே பார்த்தன. இடைவேளையில் தொழிற்சாலையே வராந்தாவுக்கு வந்துவிட்டது. அறுபது வருடத்து வேலை அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. உலைக்காரர் ஒருவர், நெருப்பின் நிறத்தைப் பார்த்து மணலின் அளவைச் சொல்வது எப்படி என்று அரைப் பக்கமும் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். 'கழிவறை நான்கு, படிக்கட்டு மூன்று, மேனேஜர் வாந்தி எடுத்தால் அதுவும்' என்று கூட்டுகிறவர் எழுதியிருந்தார். காதக்கா பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில், 'பாட்டில் சத்தத்தில் விரிசலைக் கண்டுபிடிப்பேன். என்னால் தப்பு நடந்ததில்லை' என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். விசிலின் படிவத்தில், 'அக்கா வீட்டுக்காரர் சொல்வார்' என்று இருந்தது. கூட்டம் சிரித்துச் சிரித்துக் கொடியே ஆடியது.

அதற்கு அடுத்த கிளிப்பில் தொங்கியது கிரேடு சாருடையது. அதன் முதுகில் ஒன்றுமே எழுதவில்லை. பசை தடவும் ஆசாமிக்கே பசைக்குள் என்ன போகும் என்று தெரியும், அதனால் அவர் அந்தக் காலத்தில் மெனக்கெடவில்லை. சிரித்துக்கொண்டு வந்த கூட்டம் அந்த வெள்ளைத் தாளுக்கு முன்னால் வந்ததும் சிரிப்பை நிறுத்தி, மரியாதையாக நகர்ந்து போனது. அந்த மரியாதைதான் அவரைச் சுட்டது. அவர் எல்லோருடைய தோள் உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

அன்று பிற்பகல் காதக்கா மாடிக்கு வந்தாள். பத்து வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அவளுக்கு ஐம்பத்தெட்டு, ஓய்வு பெற ஐந்து வாரம் இருந்தது. ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கிரேடு எதுவோ அதுதான் சாகும்வரை வரும் பணத்தை முடிவு செய்யும். காகிதத்தில் கல்வித் தகுதி என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று டைப் அடித்திருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டு, அந்த வரியை விரலால் தொட்டுப் படித்து, கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் கையெழுத்துப் போட்டதோடு விஷயம் முடிந்தது. பேனாவை வாங்கி வைத்துவிட்டால் போதும். அவருக்கு இன்னும் இரண்டு வருடம், அதன் பிறகு அவருடைய ஓய்வூதியம், இழுப்பறையைக் குப்பையில் கொட்டிவிடலாம்.

"ஏம்மா," என்றார் அவர், பேனாவை வாங்காமல். "அந்த சர்டிபிகேட்டைப் பத்தி அப்புறம் கேக்கவே இல்லையே?"

காதக்கா கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். "கேட்டா நீங்க கீழ போறீங்களே சார்."

அவருக்குப் புரியவில்லை.

"மொதல்ல எனக்கும் தெரியல. மேலிடத்துல இருக்குன்னு நீங்க சொல்லச் சொல்ல உங்க கணுக்கால் காணாம போச்சு. அப்புறம் எங்க கூரையில ஷூ தெரிய ஆரம்பிச்சுது. எங்க கூடம் உங்க ரூமுக்குக் கீழதானே இருக்கு? என் டேபிளுக்கு நேர் மேலதான் நீங்க உக்காந்திருக்கீங்க. நான் இங்க கேட்டுட்டு படியிறங்கிப் போறதுக்குள்ள அங்க ஒரு விரல் இறங்கியிருக்கும். பொண்ணுங்க ஸ்கேல் வச்சு அளந்து சொல்லுவாங்க. இப்படியே கேட்டுக்கிட்டே இருந்தா மனுஷன் முழுசா போயிருவாரு, குடும்பஸ்தர், வேணாம்னு விட்டுட்டேன்."

"மேலிடத்துல இல்லன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மேலிடத்துல இருந்தா நீங்க ஏன் சார் கீழ போறீங்க?"

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கடையில் இருக்கும் சாமானுக்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள். கிரேடு சார் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார், எழுந்த வேகத்திலேயே முழங்கால் வரை இறங்கினார். பன்னிரண்டு வருடப் பொய்க்கு ஒரு சாண் இறங்கியவர், அவளுடைய இரக்கத்துக்கு ஒரே நிமிடத்தில் இன்னொரு சாண் போனார். கீழே கூடத்தில் அவருடைய ஷூ வந்து விளக்கு பல்பில் இடித்தது. பெண்கள் பல்பை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அப்போது அந்த வழியாக வந்த விசிலின் மண்டையில் வலது ஷூ பட்டது என்றும், அவன் அண்ணாந்து பார்த்து "மாமா" என்று மட்டும் சொன்னான் என்றும் சொல்கிறார்கள்.

அவர் இழுப்பறையைத் திறந்து செய்தித்தாளைத் தூக்கினார். உறைக்குள் உறை, அதற்குள் சான்றிதழ், மடிப்புக் கலையாமல் இருந்தது. கணக்கில் முப்பத்தெட்டு மார்க். இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதை ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார். மேனேஜர் இளைஞர், ஐந்தாவது மேனேஜர், இரண்டு பட்டம். விதிப் புத்தகத்தைப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். மறதியால் தங்கிப்போன காகிதம் கண்டெடுத்த நாளிலிருந்துதான் செல்லும்; காதக்காவுக்கு ஐந்து வாரம் நாலாம் கிரேடு கிடைக்கும், ஆனால் ஐந்து வாரக் கிரேடை ஓய்வூதியத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். வேண்டுமென்றே நிறுத்திவைத்த காகிதம் என்றால், கொடுத்த நாளிலிருந்தே செல்லும், இருபத்திரண்டு வருடமும் அவளுக்குச் சேரும். நிறுத்தியவர் கடைசிக் கிரேடுக்கு இறக்கப்படுவார்.

"மறதின்னு ஒரு வார்த்தை போடுங்க சார்," என்றார் மேனேஜர். "உங்க வயசுல மறதி சகஜம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தம்மாவே கேக்கலையே."

"அவங்க கேக்கலை," என்றார் கிரேடு சார். "ஒரு நாள் டைம் கொடுங்க."

வீட்டில் மனைவி சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டாள், கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குங்க நோண்டறீங்க? ரெண்டு வருஷம் ஓட்டினா நம்ம பென்ஷன். ஊருக்கே தெரிஞ்சா தம்பி எப்படி வெளிய தலை காட்டுவான்?"

"இன்னைக்குக் கொடியில தொங்கினானே, காட்டிட்டான்."

அவள் கரண்டியை எடுத்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பிறகு, "அன்னைக்கு அந்தப் பேனா பேச்சு நான்தானே பேசினேன்," என்றாள்.

"பேசினது நீ. தாளைத் தூக்கினது நான்."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அவளுடைய பாதம் தரைமேல்தான் இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது அவளுக்கு அப்படிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது.

மறுநாள் அவர் எழுதிக் கொடுத்த காகிதம் இப்போதும் கோப்பில் இருக்கிறது. 'மேற்படி சான்றிதழ் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் என் கையில் தரப்பட்டது. என் மைத்துனருக்கு அந்த இடம் கிடைப்பதற்காக அதை என் இழுப்பறையில் வைத்தேன். கேட்டபோதெல்லாம் பொய் சொன்னேன். மறதி அல்ல.' கையெழுத்துப் போட்டு மை காயும்வரை அவர் மேனேஜர் அறையிலேயே நின்றார். தான் மேலே வந்துவிடுவோம் என்று ஒரு சின்ன எதிர்பார்ப்பு அவருக்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மை காய்ந்தது. முழங்கால் இருந்த இடத்திலேயே இருந்தது. எதிர்பார்த்ததற்காக அவர் இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

காதக்காவுக்கு நாலாம் கிரேடு வந்தது, அதற்கான ஓய்வூதியமும் வந்தது, பெண் என்பதற்காக இரண்டு படி கழித்து. கிரேடு சார் ஏழாம் கிரேடுக்கு இறக்கப்பட்டார். வேலையை மாற்றவில்லை, பேரேடுகள் எங்கே எது இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாததால், அதே அறையில், அதே குட்டை மேஜையில், அதே வேலையை மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குச் செய்தார். விசில் மேற்பார்வை நாற்காலியிலேயே இருந்தான். அவன்மேல் நடவடிக்கை எடுக்கப் படிவத்தில் வரி இல்லை.

கடைசி நாள் காதக்கா சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். அவர் எழுந்து நின்றார், அவருடைய தலை கவுண்டருக்குக் கொஞ்சம் மேலே தெரிந்தது. அவள் அவரை உட்காரச் சொல்லி, தானும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள்.

"மன்னிச்சிருங்கம்மா," என்றார்.

"அது இருக்கட்டும் சார்," என்றாள். "கீழ பெல்ட்டுல அஞ்சாவது ரோலர் தேஞ்சு போச்சு. அது போடற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. மாத்தச் சொல்லுங்க, யாரும் சொல்ல மாட்டாங்க." சொல்லிவிட்டு எழுந்து சேலையைத் தட்டிவிட்டுப் போனாள். மன்னித்தாளா இல்லையா என்று அவர் அன்று முழுவதும் யோசித்தார். பிறகு அதைக் கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றி, ரோலருக்குக் கடிதம் எழுதினார்.

ஏழாம் கிரேடுக்கு ஷூ கட்டாயம் கிடையாது. பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தார். காதக்கா போன ஒன்பதாம் நாள், காலை பத்தரை மணிக்கு, இடது ஷூவின் கயிறு அவிழ்ந்தது. அவருக்கு அது தெரிந்தது. மாலை வீட்டுக்குப் போய்க் கட்டில்மேல் காலைத் தூக்கிப் பார்த்தார். கயிறு அவிழ்ந்தே இருந்தது. இரண்டு நுனியும் நாள் முழுவதும் தொங்கியதில் அழுக்காகி இருந்தன. அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தின் மேல் தெரிந்த இழுப்பை, இரட்டை முடிச்சை, இரண்டு வேளை மாத்திரையை எல்லாம் நினைத்துப் பார்த்தார். கூரை எட்டாமல் காதக்கா ஸ்டூல் போட்டு ஏறித்தான் கட்டியிருப்பாள். மனைவி விளக்கைப் போட வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போடாமல் போனாள்.

மறுநாளிலிருந்து அவர் வெறுங்காலோடு வந்தார். கூடத்தில் பெண்கள் பல்பை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார்கள். பாதம் சுத்தமாகத்தான் இருக்கும், வெட்டிய நகம்தான், மழை நாளில் மட்டும் கொஞ்சம் சேறு சொட்டும் என்றும், அதற்காகக் காதக்காவின் மேஜைமேல் ஒரு பழைய துணி விரித்து வைத்திருக்கிறோம் என்றும் அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள்.